யூரியா அதிகமா குடிக்குது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது: பிஎஸ்6 லாரிய எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கிறது

புதுவயல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ரெண்டு வண்டி, ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடல் 12 வீல், ரெண்டு மாசம் முன்ன பின்ன எடுத்தது. ஒண்ணு மில்லுல அரிசி லோடு ஏத்திக்கிட்டு குமுளி வழியா கேரளா ஓடுது, இன்னொண்ணு தூத்துக்குடி ஹார்பர் ஓடுது. கேரளா வண்டி ஒரு லிட்டர் ஆட்ப்ளூவுக்கு, அதான் சைலன்சர்ல அடிக்கிற யூரியா தண்ணிக்கு, 78 கிலோமீட்டர் தான் குடுக்குது, தூத்துக்குடி வண்டி 130 தாண்டுது. அது போக கேரளா வண்டி ஒரு மாசமா குமுளி ஏத்தத்துல புல்லிங்கே இல்ல, ஒரு தடவ மஞ்ச லைட்டு வந்துட்டு தானா போயிருச்சு. ஒரு வொர்க்ஷாப்புல நாக்ஸ் சென்சார், அதான் சைலன்சர்ல வர்ற நச்சு வாயுவ அளக்குறது, மாத்தணும்ங்குறாக, இன்னொருத்தர் யூரியா சிஸ்டத்தையே ஆஃப் பண்ணி விட்டுர்றேன் நிம்மதியா ஓட்டுங்கன்னு சொல்றாராம். எது சரின்னு கேள்வி.

தம்பி, சென்சாரும் மாத்த வேணாம் ஆஃப்பும் பண்ண வேணாம், இப்போதைக்கு. நான் பதினெட்டு வருசம் கம்பெனி சர்வீஸ்ல இருந்துட்டு இப்ப காரைக்குடியில சின்னதா சொந்த செட்டு வச்சிருக்கேன், 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுலருந்து இந்த ரெண்டு புகாரும் கைய கோத்துக்கிட்டு வராத வாரமே கெடையாது. சேந்து வர்றதால எல்லாரும் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கொழப்பிக்கிறாக, யூரியாவ கூட குடிக்குது அதனாலதான் இழுக்கலன்னு. யூரியா சைலன்சருக்குள்ள தான் அடிக்குது, இன்ஜினுக்குள்ள ஒரு சொட்டு போறதில்ல, அதனால அது கூடுனாலும் கொறஞ்சாலும் நேரா இழுவைய கொறைக்காது. இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர், இசியூ, அது பாத்து வேணும்னே கொறச்சாத்தான் உண்டு, யூரியா விசயத்துக்காக அது கொறைக்கும்போது லைட்ட போட்டுட்டு சொல்லிட்டுத்தான் கொறைக்கும். லைட்டே இல்லாம இழுக்கலன்னா காத்து, டீசல், சைலன்சர் அடைப்பு, பிரேக் புடிச்சுக்கிட்டு நிக்கிறது, இதுல ஒண்ணு. ஆனா உங்க வண்டி ஓடுற எடத்த பாத்தா ரெண்டு புகாருக்கும் ஒரே வேர் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதுக்கு அப்பறம் வர்றேன், மொதல்ல கணக்கு.

யூரியாவ கிலோமீட்டர வச்சு பாக்கவே கூடாது, எரிஞ்ச டீசல வச்சு பாக்கணும். உங்க நம்பர வச்சே போட்டு பாப்போம். கேரளா போய்வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர்னு வைங்க, லோடும் ஏத்தமுமா 180 லிட்டர் டீசல் குடிக்கும், லிட்டருக்கு 78ன்னா யூரியா 9 லிட்டர். 180க்கு 9, அப்ப 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர். தூத்துக்குடி போய்வர 400 கிலோமீட்டர், தட்ட ரோடு, 85 லிட்டர் டீசல், யூரியா 3 லிட்டர், அப்ப நூத்துக்கு 3.5. பொதுவா 3ல இருந்து 6 வரைக்கும் போறது நார்மல், ரெண்டு வண்டியும் அதுக்குள்ளதான் இருக்கு. கிலோமீட்டர்ல பாத்தப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மாதிரி தெரிஞ்ச வித்தியாசம், டீசல்ல பாத்தா அம்புட்டு பெருசா இல்ல பாருங்க. டீசல் லிட்டர் நான் குத்துமதிப்பா போட்டது, நீங்க நெசமா அளந்து போடுங்க. மீட்டர்ல காட்டுற முள்ள நம்பாதீங்க, யூரியா டேங்க் கேஜ் கட்டம் கட்டமாத்தான் எறங்கும், கொஞ்சமா ஊத்துனா ஏறுனதாவே காட்டாது. ரெண்டு டேங்கையும் ஒரே பங்க்ல ஒரே தளத்துல நிறுத்தி நெறைய போட்டு, திரும்பி வந்து அதே எடத்துல மறுபடி நெறைய போட்டு, எத்தன லிட்டர் புடிச்சுதுன்னு எழுதுங்க, மூணு டிரிப்பாவது. கொண்டு விக்கப் போன ஊருக்காரவுக நாம, பர்மாவுல இருந்துக்கிட்டே காலணாவுக்கு பேரேடு எழுதுன ஊரு, ஒரு லாரிக்கு நாப்பது பக்க நோட்டு போட மாட்டேங்குறோம். பக்கெட்டுல மிச்சம் இருக்குறது எங்க போகுதுன்னும் அந்த நோட்டே சொல்லிரும், அத பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

ஏன் ஏத்தத்துல ஓடுற வண்டி கூட குடிக்கணும்? இன்ஜினுக்குள்ள சூடு ஏற ஏற காத்துல இருக்குற நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒட்டிக்கிட்டு நாக்ஸ் ஆகுது. பிஎஸ்4ல ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நாக்ஸ் வரைக்கும் விட்டுருந்தாக, பிஎஸ்6ல அது 0.4, எட்டுல ஒரு பங்குக்கும் கீழ. அந்த மிச்சத்த இன்ஜினே கொறைக்கிறதுன்னா மைலேஜ் போயிரும், அதனால சைலன்சர்ல யூரியா தண்ணிய அடிச்சு, அது சூட்டுல அம்மோனியாவா மாறி, சைலன்சருக்குள்ள இருக்குற எஸ்சிஆர்ங்குற கேட்டலிஸ்ட்ல (வினையூக்கி) நாக்ஸ புடிச்சு வெறும் நைட்ரஜனும் தண்ணியுமா ஆக்கி விடுது. முன்னாடி ஒரு நாக்ஸ் சென்சார் எம்புட்டு வருதுன்னு பாக்கும், பின்னாடி ஒண்ணு எம்புட்டு மிச்சம்னு பாக்கும், அத வச்சு இசியூ அளந்து அடிக்கும். ஆக யூரியா கூட போகுதுன்னா, பாதி நேரம் யூரியா சிஸ்டம் ஒழுங்கா வேல செய்யுது, இன்ஜின்தான் நாக்ஸ அதிகமா அனுப்புதுன்னு அர்த்தம். சரி பண்ண வேண்டியது இன்ஜின் பக்கம், எல்லாரும் கழட்டுறது யூரியா பக்கம். இதுதான் நான் தெனமும் பாக்குற கூத்து.

இன்னொரு பக்கமும் சொல்லணும். யூரியா 100க்கு 1, 1.5ன்னு எறங்குனா ஆஹா மிச்சம்னு சந்தோசப்படாதீங்க, யூரியாவ சைலன்சருக்குள்ள தெளிக்கிற டோசரோட மூக்கு அடைச்சிருச்சு இல்ல பம்ப் பிரஷர் வரல, கொஞ்ச நாள்ல லைட்டும் வந்து இசியூ இழுவையயும் வெட்டப் போகுதுன்னு அர்த்தம். அதே ரூட்டுல அதே லோடுல 4 ஆ இருந்தது 7, 8 ஆச்சுன்னா அது கவலைப்பட வேண்டியது. அதுக்கு வெளிய ஒழுகல் இருக்கான்னு பாக்கறது சுலபம், ஒழுகுன எடத்துல யூரியா காஞ்சு வெள்ளையா உப்பு பூத்த மாதிரி நிக்கும். மூடிகிட்ட லேசா பூத்தது பரவால்ல, பம்ப்புகிட்ட, லைன் ஜாயிண்ட்ல, டோசர் அடியில பூத்தா ஒழுகல்.

இப்ப லைட்டு. யூரியா டேங்க் 10 சதவீதத்துக்கு கீழ வரும்போது எச்சரிக்கை, 2.5 சதவீதத்துல இழுவைய நாலுல ஒரு பங்கு வெட்டும், டேங்க் காஞ்சு போச்சுன்னா வண்டிய ஒரு தடவ நிறுத்தி எடுத்ததுக்கு அப்பறம் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக விடாது. யூரியா தரம் சரியில்லன்னு சென்சார் கண்டுபுடிச்சா 10 மணி நேர ஓட்டத்துல மொத வெட்டு, 20 மணி நேரத்துல அந்த 20 கிலோமீட்டர் வேக ஊர்வலம். உங்க வண்டிக்கு லைட்டு வந்து தானா போச்சுன்னீங்கள்ல, லைட்டுதான் போயிருக்கும், கோளாற சொல்ற நம்பர், கோட், அது உள்ளதான் ஒக்காந்திருக்கும். யாரையும் அழிக்க விடாதீங்க. ஸ்கேனர் போட்ட ஒடனே கிளியர் பண்ணிட்டு சரியாயிருச்சு போங்கன்னு சொல்றவன் ஒங்க வண்டியோட வாக்குமூலத்த கிழிச்சு போடுறான். எஸ்பிஎன் 4364ன்னு வந்தா கேட்டலிஸ்ட்ல நாக்ஸ் போதுமான அளவு கொறையல, 3364ன்னா டேங்க்ல யூரியா தரம், 4334ன்னா டோசிங் பிரஷர், 3251ன்னா புகைக்கரிய புடிக்கிற ஃபில்டர், அதான் டிபிஎஃப், அதோட அடைப்ப அளக்குற பிரஷர். நம்பர் வந்தா பார்ட் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, சிஸ்டம் எங்க வலிக்குதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். வயித்து வலின்னு வந்தவனுக்கு வயித்தையா மாத்துவாக.

இப்ப உங்க வண்டிக்கு வர்றேன். பழைய வண்டில இன்டர்கூலர் ஹோஸ் பிஞ்சாலோ ஏர் ஃபில்டர் அடைச்சாலோ நம்ம மெக்கானிக்குக தூரத்துல நின்னே சொல்லிருவாக, கறுப்பா புகை தள்ளும். பிஎஸ்6ல அந்த கண்ணு போச்சு. புகைய டிபிஎஃப் புடிச்சு உள்ளயே வச்சுக்கிது, சைலன்சர் குழாய்ல வெள்ளத் துணிய விட்டு தொடச்சாலும் சுத்தமா வரும், அதனால இன்ஜின் மூச்சு முட்டுறது வெளிய தெரியவே தெரியாது. தெரியுற ஒரே எடம் ரீஜென், அதான் டிபிஎஃப்ல சேந்த கரிய சூடேத்தி எரிக்கிறது. முன்னாடி எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா ரீஜென் லைட்டு வந்துச்சு இப்ப எத்தனைக்கு வருதுன்னு டிரைவர கேளுங்க. பாதிக்கு பாதி கொறஞ்சிருந்தா இன்ஜின் பொகையுது, நமக்குத்தான் தெரியல.

நான் மொத சந்தேகப்படுறது உமி. சிரிக்காதீங்க. மில்லுல லோடு ஏத்தும்போது வண்டி எங்க நிக்கிது? புளோயர் பக்கம், உமியும் தவிட்டு தூசியும் பறக்குற எடத்துல, மணிக்கணக்குல, பிரேக்குக்கு ஏர் ஏத்த இன்ஜின் ஓடிக்கிட்டு, ஃபேன் உறிஞ்சிக்கிட்டு. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு விரக்கடை சந்து இருக்கும், அங்கதான் போய் அப்பிக்கும். முன்னாடி நின்னு பாத்தா இன்டர்கூலர் முகம் பளிச்சின்னு இருக்கும், கவுல கழட்டிட்டு மேல இருந்து டார்ச் அடிச்சாத்தான் உள்ள மெத்த மாதிரி படிஞ்சிருக்குறது தெரியும். அதுமேல லேசா எண்ணெய் பிசுக்கு பட்டுச்சுன்னா கல்லு மாதிரி ஆயிரும். தட்ட ரோட்டுல 60ல போகும்போது காத்து அடிச்சு எப்படியோ சமாளிக்கும். குமுளி ஏத்தத்துல ரெண்டாவது மூணாவது கியர்ல 15, 20ல ஊர்ந்து போகும்போது முன்னால இருந்து காத்தே இல்ல, டர்போ முழு வேகத்துல சூடான காத்த தள்ளுது, அந்த சூடு எறங்காம அப்படியே இன்ஜினுக்குள்ள போகுது. சூடான காத்து விரிஞ்ச காத்து, ஆக்ஸிஜன் கம்மி, இசியூவும் இன்ஜின காப்பாத்த டீசல கொறச்சுக்கும், அங்க இழுவை போச்சு. அதே சூட்டால எரியிற சூடும் ஏறி நாக்ஸ் கூடுது, நாக்ஸ் கூடுனா யூரியா கூட அடிக்குது. ரெண்டு புகாருக்கும் ஒரே வேர்னு சொன்னேன்ல, இதுதான். தூத்துக்குடி வண்டிக்கு இந்த பாடு ஏன் இல்லன்னும் புரியும், அது மில் முத்தத்துல நிக்கிறதும் கம்மி, ஏறுறதுக்கு மலையும் இல்ல.

ஸ்கேனர்ல இத பாக்கலாம். லோடோட ஏத்தத்துல ஓட விட்டு இன்டேக் மேனிஃபோல்டு டெம்பரேச்சர பாருங்க. வெளிக் காத்த விட 20, 25 டிகிரி கூட இருந்தா இன்டர்கூலர் ஒழுங்கா இருக்கு, 40 தாண்டுனா அடைப்புன்னு நான் எடுத்துக்குவேன், இது என் கைக்கணக்கு, ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி அளவு மேனுவல்ல இருக்கும். கழுவும்போது இன்ஜின் பக்கம் இருந்து வெளிய தள்ளுற மாதிரி கழுவணும், முன்னாடி இருந்து அடிச்சா உமி இன்னும் உள்ள போய் இறுகும், வாட்டர் சர்வீஸ் கன்ன ஒரு சாண்ல வச்சு அடிச்சா ஃபின் மடங்கிரும், அது அடைப்ப விட மோசம். அப்படியே இன்டர்கூலர் ஹோசுகள ஒரு பக்கம் மூடி ரெண்டு பாருக்கு மேல போகாம ஏர் குடுத்து சோப்புத் தண்ணி தடவி பாத்துருங்க. ஏர் ஃபில்டர கம்ப்ரஸர் ஏர் அடிச்சு அடிச்சு ஓட்டுற பழக்கம் இருந்தா விட்டுருங்க, பேப்பர்ல கண்ணுக்கு தெரியாத ஓட்ட விழுந்து தவிட்டு தூசி டர்போ வரைக்கும் போகும். டீசல் ஃபில்டர், வாட்டர் செபரேட்டர் மாத்துன தேதி பாருங்க. ஏத்தம் ஏறி நின்ன ஒடனே எல்லா வீல் ஹப்பையும் கைய கிட்ட வச்சு பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக் புடிச்சிருக்கு. இதெல்லாம் காசில்லாத வேல, இத பண்ணாம லேப்டாப்ப தொறக்குறது எனக்கு புடிக்காது.

மில்லு வண்டிகளுக்கே உள்ள இன்னொரு வியாதி இருக்கு, சொல்லியாகணும். போன வருசம் கண்டனூர் பக்கம் ஒரு வண்டி வந்துச்சு, டிபிஎஃப் அடைச்சு இழுவை பாதியா வெட்டி, டோ பண்ணாத கொறையா கொண்டு வந்தாக. வேற ஒரு எடத்துல ஏற்கனவே டிபிஎஃப்ப கழட்டி கழுவி மாட்டி குடுத்து, பதினஞ்சு நாள்ல மறுபடி அதே கத. நான் ஏறி ஒக்காந்து டேஷ்போர்ட பாத்தா ரீஜென் இன்ஹிபிட் சுவிட்ச் ஆன்ல கெடக்கு. டிரைவர கேட்டா, அண்ணே மில்லுக்குள்ள உமியும் சாக்குமா கெடக்கு, ரீஜென் ஓடுனா சைலன்சர் நெருப்பா கொதிக்கும், முதலாளிதான் அமுக்கி வைக்க சொன்னாருங்குறாரு. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி, ரீஜென்ல டிபிஎஃப் உள்ள 550, 600 டிகிரி போகும், உமி மேட்டு பக்கம் அது ஓடக் கூடாது, அதுக்குத்தான் அந்த சுவிட்ச்சே வச்சிருக்கான். மில்லு கேட்ட தாண்டுனதும் எடுத்து விட மறந்துட்டாரு, மூணு மாசமா மறந்துட்டாரு. புகைக்கரி எரியவே இல்ல, சேந்துக்கிட்டே போச்சு. உங்க டிரைவர்கிட்ட மொத இத கேளுங்க, திட்டாம கேளுங்க, திட்டுனா உண்மை வராது. முழுசா அடைச்ச டிபிஎஃப்ல நிறுத்தி வச்சு ரீஜென் ஓட்டுறதுன்னா வெட்ட வெளியில, சிமெண்ட் தரையில, கீழ காஞ்ச புல்லு கூட இல்லாத எடத்துல ஓட்டணும். மில்லுல இன்ஜின சும்மா ஐடிலிங் ஓட விடுறதையும் கொறைங்க, ஐடிலிங்ல சைலன்சர் சூடு 200 டிகிரிக்கு கீழதான் இருக்கும், அப்ப யூரியாவும் அடிக்காது கரியும் எரியாது, சேத்து வச்சுக்கிட்டே இருக்கும்.

நாக்ஸ் சென்சார் கதைக்கு வருவோம், இதுல நானே செருப்படி வாங்கியிருக்கேன். கேட்டலிஸ்ட் சரியா வேல செய்யலன்னு கோட், பின் சென்சார்ல நாக்ஸ் ரொம்ப ஒசரம். சென்சார் தப்பா காட்டுதுன்னு முடிவு பண்ணி பல ஆயிரம் ரூவா சென்சார மாத்துனேன். ரெண்டாவது நாள் அதே கோட். பொறவுதான் ஒறச்சுது, அந்த சென்சாருக்கு நாக்ஸுக்கும் அம்மோனியாவுக்கும் வித்தியாசம் தெரியாது. டோசர் மூக்கு தேஞ்சு யூரியா சொட்டு சொட்டா கூட ஊத்துது, மிச்ச அம்மோனியா பின்னாடி வருது, சென்சார் அத நாக்ஸுன்னு சொல்லுது, இசியூ ஐயய்யோ பத்தலன்னு இன்னும் கூட அடிக்குது, இன்னும் கூட அம்மோனியா. யூரியா வேற தண்ணியா குடிச்சுது. எப்படி பிரிச்சு பாக்குறதுன்னா, ஸ்கேனர்ல டோசிங்க கொஞ்ச நேரம் கொறச்சு பாருங்க, பின் சென்சார் நம்பர் எறங்குனா வந்துக்கிட்டு இருந்தது அம்மோனியா, ஏறுனா அது நெசமான நாக்ஸ். கூட ஊத்துற வண்டிக்கு சைலன்சர்கிட்ட மூக்க சுருக்குற நெடியும் இருக்கும், மாட்டுக் கொட்டாய் நெடி மாதிரி. அப்பறம் டோசர கழட்டி அளவு ஜாடியில விட்டு டெஸ்ட் ஓட்டி எத்தன மில்லி வருதுன்னு கம்பெனி அளவோட ஒத்துப் பாக்கணும், அளவோட சேத்து தெளிக்கிற விதத்தையும் பாக்கணும், பனி மாதிரி வரணும், ஒண்ணுக்கு மாதிரி வரக்கூடாது. சைலன்சர் ஜாயிண்ட் கேஸ்கெட்ல ஓட்ட இருந்தாலும் வெளிக் காத்து கலந்து சென்சார் பொய் சொல்லும். இவ்வளவும் பாத்து முடிச்சதுக்கு அப்பறந்தான் சென்சார் மேல கைய வைக்கணும். அந்த வண்டிக்காரர் நல்ல மனுசன், சென்சார் காச நானே போட்டுக்குறேன்னதுக்கு பாதிக்கு மேல வாங்க மாட்டேன்னுட்டாரு.

யூரியா எங்க வாங்குறீங்கன்னு எழுதல. நல்ல யூரியா 32.5 சதவீதம், மிச்சம் உப்பே இல்லாத தண்ணி, பக்கெட்டுல ஐஎஸ்ஓ 22241ன்னு போட்டு பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கணும். நம்ம பக்கம் சில பேரு வயலுக்கு போடுற யூரியாவ ஆர்ஓ தண்ணில கரைச்சு பாதி வெலைக்கு குடுக்குறாக. மானிய யூரியாவ இப்படி திருப்புறதே குத்தம், அது கெடக்கட்டும், வண்டிக்கு என்ன ஆகும்னு பாருங்க. 2015லருந்து வயல் யூரியா பூராத்துக்கும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருது, அந்த எண்ணெய் எங்க போகும். பையூரெட்டுன்னு ஒரு கழிவு வயல் யூரியால 1.5 சதவீதம் வரைக்கும் இருக்க அனுமதி, அத 32.5க்கு கரைச்சா ஏறக்குறைய 0.49, வண்டி யூரியால 0.3க்கு மேல இருக்கவே கூடாது. பயிருக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டலிஸ்ட்டுக்கு ஆகும். தண்ணியும் அப்படித்தான், நம்ம காரைக்குடி சம்பை ஊத்து தண்ணி குடிக்க தேவாமிர்தம், ஆனா அதுல இருக்குற கால்சியம் டோசர் மூக்கையும் கேட்டலிஸ்ட்டையும் அடைச்சிரும், கால்சியம் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு இருக்கு. ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு சின்ன குழாய், ஒரு சொட்டு விட்டு பாத்தா எத்தன சதவீதம்னு காட்டும், வாங்கி வச்சுக்கங்க, ஆனா அது அளவ மட்டுந்தான் சொல்லும், சுத்தத்த சொல்லாது. போலி சரக்கும் 32.5 காட்டும். அப்பறம் வெயில். 25 டிகிரில ஒன்றரை வருசம் கெடக்குற யூரியா 30ல ஒரு வருசம், 35ல ஆறு மாசந்தான். நம்ம சித்திர வெயில்ல தகரக் கொட்டாய்க்குள்ள பக்கெட்ட அடுக்கி வச்சிருந்தீங்கன்னா போட்ட தேதிய நம்பாதீங்க. பழைய செட்டியார் வீட்டு பட்டாசாலை மாதிரி குளு குளுன்னு இருக்குற எடத்துல வைங்க.

பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் விசயம் சின்னது, ஆனா டோசர் சாவுறது பாதி இதுலதான். இன்ஜின நிறுத்துன ஒடனே பின்னாடி பம்ப் ஒண்ணு கொர்ருன்னு ஓடும், லைன்ல மிச்சமிருக்குற யூரியாவ டேங்குக்கு திருப்பி இழுக்குது, ஒண்ணு ரெண்டு நிமிசம் ஆகும். நம்மாளுக சாவிய திருப்பிட்டு அந்தக் கையோட கட் ஆஃபையும் போட்டுர்றாக. யூரியா கொதிக்கிற டோசர் மூக்குலயே நின்னு காஞ்சு கல்லாயிருது. புதுசா பூத்த வெள்ளை சுடு தண்ணில ஊறப் போட்டா கரைஞ்சிரும், பழசாகி சாம்பல் நெறத்துல இறுகினது தண்ணிக்கு அசையாது, அத ஊசியால நோண்டுனீங்கன்னா மூக்கு போச்சு. ஏத்தம் ஏறி வந்து டீக்கடையில நிறுத்துறப்பவும் மூணு நாலு நிமிசம் ஐடிலிங் விட்டு நிறுத்த சொல்லுங்க, டர்போவுக்கும் நல்லது டோசருக்கும் நல்லது. இந்த ஐடிலிங்கையும் மில்லு ஐடிலிங்கையும் போட்டு கொழப்பிக்க வேணாம்.

டேங்க் மாத்தி ஊத்துறது இன்னும் நடக்குது. டீசல் டேங்குல யூரியா ஊத்திட்டா சாவிய கூட திருப்பாதீங்க, அப்படியே டேங்க எறக்குங்க. சாவி போட்டா பம்ப் இழுத்து காமன் ரெயில், இன்ஜெக்டர் வரைக்கும் போயிரும். நீல மூடி யூரியாவுக்கு, ராத்திரி கிளீனர் பையன் கண்ணுக்கு எல்லாம் ஒரே மூடி.

ஆஃப் பண்ணி விடுறேன்னு சொன்னவரப் பத்தி. அவரு போடுறது இசியூவுக்கு பொய் சொல்ற ஒரு பெட்டி, நாக்ஸ் சரியாயிருக்கு யூரியா அடிக்குதுன்னு சும்மா சிக்னல் குடுக்கும். உங்க வண்டியில உமி அடைச்சு காத்து சூடாகுறது அதனால சரியாகுமா? இழுக்காதது அப்படியே தான் இருக்கும், கூடவே ரீஜென் கணக்கு தப்பி டிபிஎஃப் உருகுன வண்டியும் நான் பாத்திருக்கேன். வாரண்டி போயிரும், எஃப்சிக்கு போறப்ப மாட்டும், வண்டிய ஒரிஜினல்ல இருந்து மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல வர்ற விசயம். எல்லாத்துக்கும் மேல 9 லிட்டர் யூரியா காச மிச்சம் புடிக்கப் போயி வண்டியில எது கெட்டிருக்குன்னு கண்டுபுடிக்கிற வழியையே அடைச்சிருவீங்க, அப்பறம் எந்த மெக்கானிக் வந்தாலும் ஸ்கேனர் எல்லாம் நல்லாருக்குன்னு தான் சொல்லும்.

அதனால அடுத்த லோடு ஏத்துறதுக்கு முன்னாடி இன்ஹிபிட் சுவிட்ச பாருங்க, கவுல கழட்டி டார்ச் அடிச்சு இன்டர்கூலர் நடுவுல பாருங்க, ஹோஸ், ஏர் ஃபில்டர், ஹப் சூடு பாருங்க. கழுவிட்டு ஒரு கேரளா டிரிப் ஓட்டி டீசல் எத்தன யூரியா எத்தனன்னு டேங்க் நெறைச்சு எழுதுங்க. 5 ஆ இருந்தது 4, 4.5னு எறங்கி ஏத்தத்துலயும் இழுத்தா மேட்டர் முடிஞ்சுது, மாசம் ஒருக்கா கழுவிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். எறங்கலன்னா, இல்ல மஞ்ச லைட்டு திரும்ப வந்துச்சுன்னா, கோட் நம்பர், வந்தப்ப என்ன கியர் என்ன லோடு, ஸ்கேனர்ல ரெண்டு நாக்ஸ் சென்சார் நம்பரும், இன்டேக் டெம்பரேச்சரும் டிபிஎஃப் பிரஷரும் ஃபோட்டோ எடுத்து வைங்க. கோட்ட அழிக்காம வண்டிய காரைக்குடிக்கு கொண்டாங்க, டோசர கழட்டி ஜாடியில விட்டு பாத்துருவோம். வர்றப்ப அந்த யூரியா பக்கெட்டுல மிச்சம் இருந்தா அதையும் மூடியோட எடுத்துட்டு வாங்க.